வேலிக் கணக்கு

எட்டு மணிக்குத் தீவின் டீசல் எஞ்சின் படுத்துவிடும்.
அதற்குள் நகலெடுக்கும் இயந்திரம்
எத்தனை தாள் துப்புகிறதோ அத்தனைதான்.
மை வேறு வற்றிக்கொண்டு வருகிறது,
தாளுக்குத் தாள் குறுக்கே கறுப்புக் கோடு.

ஐந்து பிள்ளைகள், நான்கு வகுப்பு, ஒரே அறை.
ஒரு கணக்கைத்தான் எல்லோருக்கும் வெட்டித் தைக்கிறேன்,
பெரிய சட்டையைப் பிரித்துச் சின்னதாக்குவதுபோல.

பன்னிரண்டு மீட்டர் வேலி.
மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம்.
எத்தனை கம்பம்?

ஒன்றாம் வகுப்பு டமாரிஸுக்குப் படம்: எண்ணினால் போதும்.
மூன்றாம் வகுப்பு இரட்டையர் ரொசால்பாவுக்கும் எலியேசருக்கும்
கணக்கு அப்படியே. எண்ணை மாற்றித் தந்தாலும்
அவள் எழுதுவதைத்தான் அவன் எழுதுவான்.
ஐந்தாம் வகுப்பு யெர்கோவுக்கு
ஏழு புள்ளி இரண்டு மீட்டர், இடைவெளி ஒன்று புள்ளி எட்டு.
புள்ளியைப் பார்த்தால் பேன் என்பான்,
கட்டைவிரல் நகத்தால் நசுக்குவான்.
ஆறாம் வகுப்பு அபெலினோவுக்கு வெறும் கோடு,
அளவு ஒன்றுக்கு நூறு,
அளந்து கண்டுபிடிக்கட்டும்.

காலையில் சிலோவே மழை,
அதாவது வழக்கமான காலை.
விறகடுப்பின் கம்பியில் ஐந்து ஜோடிக் காலுறை காய்கிறது.
ஈர ஆட்டுரோம வாசனையில் தாள்கள் சுருள்கின்றன.

டமாரிஸ் முதலில் கை தூக்கினாள்: ஏழு.
ஏழா?
விரல் வைத்துக் காட்டினாள்.
ஐந்து கம்பம், இரண்டு மைக்கோடு.
அவள் எண்ணியதில் பிழையில்லை.

இரட்டையருக்கு நான்கு.
யெர்கோ எழுந்தே நின்றுவிட்டான்:
"இடைவெளிதான் நான்கு, கம்பம் ஐந்து!"
சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்,
கைதட்டலுக்கு நேரம் கொடுப்பவன்போல.

அபெலினோவின் தாளில் ஆறு.
வழிமுறை இல்லை. அடிக்கோடு மட்டும் இரண்டு.

விளக்குவதைவிட நடத்துவது மேல் என்று
கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனேன்.
மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு,
முடிச்சுக்கு ஒரு பிள்ளை, இரண்டு நுனியிலும் பிள்ளை.
ஐந்து மழைச்சட்டைகள் வரிசையாக நின்றன.
எண்ணுங்கள் என்றேன்.
ஐந்து வரை எண்ணினார்கள், நனைந்தபடி.

"எங்கள் வீட்டில் நான்குதான்" என்றாள் ரொசால்பா.
"கடைசியில் பாறை. கம்பியைப் பாறையில் கட்டியிருக்கிறது."
எலியேசர் தலையாட்டினான்.
என்னிடம் உள்ள விடைப் புத்தகத்தில் பாறை இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து வாத்து
உருளைக்கிழங்குப் பாத்திக்குள் நுழைய,
டமாரிஸ் நுனியைப் போட்டுவிட்டு ஓடினாள்.
கயிறு தொய்ந்தது.
யெர்கோ கத்தினான்: "கம்பம் ஓடுது, கம்பம் ஓடுது!"

ஓடிப்போய் நுனியை நான் பிடித்தேன்.
அபெலினோ சிரிக்கவில்லை.
"அதுதான் டீச்சர் ஆறாவது.
ஒன்று கட்டாயம் உளுத்துப் போகும்.
ஐந்து வாங்கி வந்தால், அப்புறம் ஒற்றைக் கம்பத்துக்கு
அப்பா மறுபடி படகு எடுக்கணும்.
போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.
அலை ஏறிவிட்டால் அதுவும் இல்லை."

அவன் சொன்னது எந்த வகுப்புக் கணக்கு?
மழை கழுத்துக்குள் இறங்கும்வரை
கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

இரவு, எட்டாக இருபது நிமிடம்.
ஐந்துக்குச் சரி போட்டேன்.
நான்குக்குப் பக்கத்தில்
"பாறையை வரைந்து காட்டவும்" என்று எழுதினேன்.
ஏழுக்கு, வேறு வழியில்லை,
இயந்திரத்தின் மேல் பழி போட்டு ஒரு நட்சத்திரம்.
ஆறுக்கு மட்டும் சிவப்புப் பேனா மேலேயே நின்றது.

கடைசியில் ஒரு கேள்வி கிறுக்கினேன்:
கம்பம் ஒன்று என்ன விலை?
படகுக்கு ஒரு நடை பெட்ரோல் எவ்வளவு?
அப்பாவிடம் கேட்டு வா.

நாளைக்கு அதுதான் தாள்.
மூன்றாம் வகுப்புக்கு அதை எப்படிக் குறுக்குவது என்று
யோசிக்கும்போதே விளக்கு அணைந்தது.
டமாரிஸுக்கு வாத்து வரைந்தால் போதும்.